பிரித்துக் கட்டக்கூடிய கல்திட்டை மாதிரி: 1:10 அளவில் செய்முறை

பள்ளிக் கண்காட்சிகளில் கல்திட்டை (பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச்சின்னம்) பெரும்பாலும் தெர்மாகோலில்தான் வரும். சாம்பல் நிறம் அடித்து, பசை போட்டு ஒட்டி, பக்கத்தில் "தொடாதீர்கள்" என்று ஒரு சீட்டு. மின்விசிறியைப் போட்டால் மூடுகல் பறந்துவிடும். டன் கணக்கில் எடையுள்ள கல்லைப் பற்றி அதைப் பார்த்து யாரும் எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

இங்கே சொல்வது சிமென்ட் கலவையில் வார்க்கும் மாதிரி. பத்து வயதுப் பிள்ளை தானே பிரித்து, தானே திரும்பக் கட்டலாம். செய்து முடிக்கப் பத்து நாள் ஆகும். அதில் ஏழு நாள் ஈரச்சாக்குக்குப் போய்விடும்.

முதலில் நான்கு சொற்கள். பலகைக் கற்களை நிலத்துக்கு மேலே நிறுத்தி மூடுகல் போட்டால் அது கல்திட்டை. அதே அமைப்பு மண்ணுக்குள் இருந்தால் கல்பதுக்கை. பக்கக் கல்லில் குடைந்த வட்டத் துளை இடுதுளை. சுற்றி நிற்கும் கற்கள் கல்வட்டம். ஊர்மக்கள் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று சொன்னாலும் இவை இரும்புக்கால ஈமச்சின்னங்கள். நமக்கு முன்மாதிரி கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் உள்ள வகை: பாறைமேல் நிற்கும் திட்டை, சுற்றிலும் பலகைக்கல் வட்டம்.

அளவு எடுப்பது

நேரில் போனால் டேப், திசைகாட்டி, கேமரா போதும். கல்லின் மீது களிமண், பிளாஸ்டர், ரப்பர் எதையும் அப்பி அச்சு எடுக்காதீர்கள். கறை போகாது, பாசிப்படலமும் பெயர்ந்து வரும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

கீழே உள்ளவை பயிற்சிக்கான அளவுகள். நீங்கள் எடுத்த அளவு இருந்தால் அதைப் பத்தால் வகுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கப் பலகை 4: நீளம் 18, உயரம் 15, கனம் 1.5 செ.மீ.
தரைப் பலகை 1: 13 × 13 × 1.5 செ.மீ.
மூடுகல் 1: 24 × 22 × 2.5 செ.மீ.
வட்டக்கல் 24: அகலம் 5, உயரம் 8, கனம் 1 செ.மீ. பாதிக்கு அரைவட்டத் தலை, பாதிக்குத் தட்டைத் தலை, மாறிமாறி நிறுத்துவதற்கு.

வார்ப்பு

சிமென்ட் 2.5 கிலோ, சலித்த எம்-சாண்ட் 5 லிட்டர், தண்ணீர் சுமார் 1.2 லிட்டர். தண்ணீரை ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல் விழும். நிறத்துக்கு ரெட் ஆக்சைடு ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். நம் ஊர்க் கருங்கல்லில் சிவப்பு லேசாகத்தான் தெரியும்.

ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, அடியில் 1 செ.மீ. களிமண் பரப்புங்கள். உடைத்த கருங்கல் சல்லியின் சொரசொரப்பான முகத்தால் அந்தக் களிமண்ணை ஒத்தி எடுங்கள். கசக்கிய பிளாஸ்டிக் தாள் போடும் குறுக்குவழி ஒன்று உண்டு. அதில் வரும் மடிப்பு கல் மாதிரி இருக்காது, கசங்கிய பை மாதிரியே இருக்கும். களிமண்மேல் எண்ணெய் தடவி, பாதிக் கனத்துக்குக் கலவை போட்டு, கோழிவலைத் துண்டு ஒன்றை வைத்து, மீதியை நிரப்பித் தட்டுங்கள்.

பக்கப் பலகைகளில் ஒரு நுணுக்கம். மேலே தெரியும் முகம்தான் உட்புறம். அதில் இடது ஓரத்திலிருந்து 2 முதல் 4.5 செ.மீ. வரையான பட்டையைக் கரண்டியால் மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். அடுத்த பலகையின் முனை வந்து முட்டும் இடம் அது. நான்கிலும் இடப்பக்கமே இருக்க வேண்டும். ஒன்று வலப்பக்கம் மாறினாலும் அமைப்பு பூட்டாது.

இடுதுளைக்கு 4.5 முதல் 5 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு. அதைச் சுற்றி எண்ணெய்த்தாள் சுற்றி, கிழக்குப் பலகையின் நடுவில், அடியிலிருந்து 9 செ.மீ. உயரத்தில் அதன் மையம் வரும்படி வையுங்கள். கோழிவலையைத் துளையைச் சுற்றி வெட்டிவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்துக் குழாயை மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். மறுநாள் எடுக்கலாம் என்று விட்டால் பலகையும் சேர்ந்து உடையும். (எல்லாத் திட்டைகளிலும் துளை கிழக்கில்தான் என்று இல்லை. உங்கள் முன்மாதிரியில் எந்தத் திசையோ அதை வையுங்கள்.)

24 மணி நேரம் கழித்துச் சட்டத்தைக் கழற்றி, ஈரச்சாக்கில் ஏழு நாள். இரண்டு பக்கமும் ஈரம் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் பலகை அப்பளம் போல வளையும்.

நிறுத்துவது

90 × 60 செ.மீ. தட்டு, 5 செ.மீ. விளிம்பு. அதில் 4 செ.மீ. ஆழத்துக்கு ஈரமண். சாய்தளத்துக்கும் சேர்த்து 30 லிட்டர் மண் வேண்டும். எடை 50 கிலோவை நெருங்கும், மேசை தாங்குமா என்று முதலிலேயே பாருங்கள். திட்டையின் மையம் தட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து 24 செ.மீ.

இந்த மாதிரியின் உயிரே இந்தப் படியில்தான். முதலில் பிள்ளைகளிடம் நான்கு பலகையையும் கொடுத்து, "பெட்டியாக நிறுத்துங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மூலைக்கு மூலை சேர்த்து வைப்பார்கள். வெளியிலிருந்து ஒரு விரலால் தள்ளினால் பலகை உள்ளே சாயும். அடுத்து ஸ்வஸ்திக வடிவில் வைக்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையின் உட்புறத்தில் முட்ட, மறுமுனை 2.5 செ.மீ. வெளியே நீண்டு நிற்கும். இப்போது தள்ளினால் உள்ளே விழாது; பக்கத்துப் பலகையின் முனை முட்டுக்கொடுக்கும். நான்கும் ஒன்றையொன்று இப்படிப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் சாயாமல் இருக்க மண்ணோ கல்லோ அணைப்பு வேண்டும். கர்நாடகத்தில் பிரம்மகிரியில் 1947இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த கல்பதுக்கைகளிலும் இதே அமைப்புத்தான்.

பலகைகளை 3 செ.மீ. மண்ணில் இறக்கி, உள்ளே தரைப்பலகை போட்டு, வெளியே முக்கால் உயரத்துக்கு மண் அணையுங்கள். துளையைத் துணியால் அடைத்து, உள்ளே காய்ந்த மணல் நிரப்புங்கள். மூடுகல் ஏறும்போது பலகை ஆடாமல் இருக்கத்தான் இது. வெளியே அணைக்காமல் உள்ளே நிரப்பினால் பலகைகள் பூப்போல விரியும்.

மேற்கே 12 செ.மீ. உயரம், 48 செ.மீ. நீளத்தில் மண் சாய்தளம். அதன்மேல் இரண்டு மெல்லிய பட்டிக்கட்டை, அவற்றின் குறுக்கே பென்சில்கள். பட்டிக்கட்டை இல்லாவிட்டால் பென்சில் மண்ணில் புதைந்துவிடும். மூடுகல்லை நூல்கட்டி இழுத்து ஏற்றி உட்கார வையுங்கள். பிறகு துளைக்கு முன்னால் அணைத்த மண்ணை விலக்கித் துணியை எடுத்து, இடுதுளை வழியாகத் தேக்கரண்டியால் மணலை அள்ளச் சொல்லுங்கள். ஈரமணல் போட்டிருந்தால் கட்டிபிடித்து வராது. சாய்தளத்தைக் கலைத்த பிறகுதான் கல்வட்டம், 40 செ.மீ. விட்டம்.

எடை

மாதிரி பண்ணும் பெரிய தப்பு எடையில் இருக்கிறது. நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். இந்த மூடுகல் 3 கிலோகூட வராது. இதே விகிதத்தில் அசல் கருங்கல் என்றால் மூன்றரை டன். "இவ்வளவுதானா" என்று பிள்ளை ஒரு கையால் தூக்கிவிடும்.

அதனால் பக்கத்திலேயே 50 கிலோ மணல்மூட்டையைப் பலகையில் கட்டி, கயிற்றில் தொங்குதராசு மாட்டி இழுக்க விடுங்கள். வெறும் மண்ணில் 25–30 கிலோ காட்டும். கீழே பலகைத்தடம் போட்டுச் சவுக்குக் கட்டை உருளை வைத்தால் பெரும்பாலும் 5 கிலோவுக்குள் வரும். இப்படி 70 மூட்டை சேர்ந்தால் ஒரு மூடுகல் என்று சொல்லுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2016இல் ஒரு டன் கல்லை மரச்சறுக்கில் வைத்துப் பத்துப் பேர் இழுத்துக் காட்டினார்கள். ஆனால் "உருளை வைத்துத்தான் கொண்டுவந்தார்கள்" என்று விளக்கப்பலகையில் எழுதிவிடாதீர்கள். சாய்தளமும் மணலும்கூட ஊகம்தான். "இப்படியும் செய்திருக்கலாம்" என்று எழுதுங்கள்.

அளவு புரிய 16 செ.மீ. உயர மனித உருவம் ஒன்றை அட்டையில் வெட்டிப் பக்கத்தில் நிறுத்துங்கள். எல்லாக் கல்லின் அடியிலும் "மாதிரி 1:10" என்று ஈரத்திலேயே ஆணியால் கீறிவிடுங்கள். கிழக்குப் பலகையை மட்டும் இரண்டாக வார்த்து வையுங்கள். முதலில் உடைவது அதுதான்.