மூளைக் கட்டியின் வகையை எம்.ஆர்.ஐ. படத்தில் அறிவது எப்படி?

மூளையில் கட்டி இருக்கிறது என்று சொல்வது கடினமன்று. அது எந்த வகை என்று சொல்லும்போதுதான் படம் படிக்கப் பழகும் மருத்துவர்கள் தடுமாறுகிறார்கள். வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் கடோலினியம் மருந்து செலுத்தி எடுத்த படத்தில் பளிச்சென்று ஒளிரும் இடத்துக்கே கண் முதலில் ஓடிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் படத்தைக் கடைசியாகப் பார்க்கும் பழக்கமே நல்லது என்பேன்.

முதலில் நோயாளியின் வயதையும் கட்டியின் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டி மூளைத் திசுவுக்குள் தோன்றியதா, வெளியே தோன்றி மூளையை அழுத்துகிறதா என்பதுதான் பாதி விடை. நீர் வெண்மையாகத் தெரியும் டி2 படத்தில் கட்டிக்கும் மூளைக்கும் நடுவே திரவம் மெல்லிய வெண்கோடாகத் தெரிந்தாலோ, மூளையின் சாம்பல்நிறப் புறணி உள்நோக்கித் தள்ளப்பட்டிருந்தாலோ, அது வெளியிலிருந்து அழுத்தும் கட்டி. அவ்வாறான கட்டி மூளை உறையில் அகலமாக ஒட்டியிருந்து, சீராக ஒளிர்ந்து, ஓரத்தில் உறை வால்போலத் தடித்திருந்தால் மூளை உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா என்று எண்ணலாம்; ஆனால் உறைக்குப் பரவிய புற்றும் அதே வாலைக் காட்டக்கூடும். காதின் உட்குழாய்க்குள் நுழைந்து அதை அகலமாக்கிய கட்டி பெரும்பாலும் செவி நரம்பின் உறைச் செல்களில் தோன்றும் ஸ்வானோமாவாக இருக்கும்.

அடுத்து, மருந்து செலுத்துவதற்கு முன் எடுத்த, நீர் கருமையாகத் தெரியும் டி1 படம். இரத்தக்கசிவு, கொழுப்பு, மெலனின் ஆகியவை மருந்து இல்லாமலே அதில் வெண்மையாகத் தெரியும் என்பதால், இதைப் பார்க்காதவர் பழைய இரத்தத்தைக் கட்டியின் ஒளிர்வாக எழுதிவிடுவார்.

வளையமாக ஒளிரும் கட்டிதான் அதிகம் ஏமாற்றும். கிளையோபிளாஸ்டோமா (மூளையிலேயே தோன்றும் தீவிரப் புற்று), வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று, சீழ்க்கட்டி, நரம்பிழைகளின் உறையான மயலின் அழியும் நோய் ஆகிய நான்கும் இந்த வளையத்தைக் காட்டும். இங்கே வளையத்தை விட்டுவிட்டு, அதன் நடுவையும் சுற்றுப்புறத்தையும் பாருங்கள். நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் டிஃபியூஷன் படத்தில் நடுப்பகுதி வெண்மையாகவும், அந்த நகர்வின் அளவைக் காட்டும் ஏ.டி.சி. படத்தில் அதே இடம் கருமையாகவும் இருந்தால், நீர் மூலக்கூறுகள் நகர முடியாத கெட்டியான சீழ் என்று முதலில் ஐயப்பட வேண்டும்; அழுகிய கட்டியின் நடுவில் பொதுவாக ஏ.டி.சி. உயர்ந்திருக்கும். டிஃபியூஷன் படத்தை மட்டும் நம்பக்கூடாது, ஏனெனில் டி2 வெண்மை அதில் கசிந்து தெரியும். வளையம் முழுமையடையாமல் புறணியை நோக்கித் திறந்திருந்தால் மயலின் நோயை நினைவில் கொள்ளுங்கள்.

எஞ்சிய கிளையோபிளாஸ்டோமா, பரவிய புற்று ஆகிய இரண்டில், பல இடங்களில், சாம்பல்நிறப் பகுதியும் வெண்பகுதியும் சேரும் எல்லையில், தம் அளவுக்கு மீறிய நீர்வீக்கத்தோடு இருப்பவை பரவிய புற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒற்றைக் கட்டியாக இருந்தால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃபியூஷன் படம் உதவும். கிளையோபிளாஸ்டோமாவின் செல்கள் வளையத்தைத் தாண்டியும் ஊடுருவுவதால் சுற்றியுள்ள வீக்கத்திலும் இரத்தக் கன அளவு கூடியிருக்கும். பரவிய புற்றைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் வெறும் நீர் என்பதால் அங்கே அது கூடியிருக்காது.

நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றாதவரில், மூளை அறைகளை ஒட்டிச் சீராக ஒளிர்ந்து, ஏ.டி.சி. தாழ்ந்திருக்கும் கட்டி லிம்போமாவாக (நிணநீர்ச் செல்களின் புற்றாக) இருக்கலாம். இந்த ஐயம் எழுந்தால், உயிருக்கு ஆபத்தான அழுத்தம் இல்லாதவரை, பயாப்ஸிக்கு (திசு எடுத்துச் சோதிப்பதற்கு) முன் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம் என்று உடனே தெரிவியுங்கள். ஸ்டீராய்டில் கட்டி கரைந்து, திசுவில் ஒன்றும் அகப்படாமல் போகக்கூடும்.

ஒளிராத கட்டி என்றால் தீங்கற்றது என்று பொருளில்லை. டி2 படத்தில் முழுவதும் வெண்மையாக இருக்கும் கட்டி, தனித்த நீரின் வெண்மையை அடக்கிக் காட்டும் ஃபிளேர் படத்தில் ஓரம் மட்டும் வெண்மையாக நின்று உள்ளே கருத்திருந்தால், ஐ.டி.எச். என்னும் மரபணுவில் மாற்றம் கொண்ட ஆஸ்ட்ரோசைட்டோமாவை (மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டியை) வலுவாகச் சுட்டும். இந்த அடையாளம் இல்லாததால் அந்த வகையை விலக்கிவிட முடியாது.

குழந்தைகளின் சிறுமூளைப் பகுதியில் ஏ.டி.சி. படமே பெரிய துணை: விரைந்து வளரும் மெடுல்லோபிளாஸ்டோமாவில் தாழ்ந்தும், மெதுவாக வளரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவில் உயர்ந்தும் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் பல கட்டிகளின் பெயரே மரபணுச் சோதனையைச் சார்ந்திருப்பதால், அறிக்கையில் ஒரே பெயரை எழுதாமல், வாய்ப்புள்ளவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். இரத்தக் கன அளவு மிகுந்த இடத்தையும் படத்தில் குறித்துக் கொடுங்கள். அந்த இடத்தை விட்டு, இரத்தக் கன அளவு குறைந்த ஓரத்திலிருந்து திசு எடுத்தால் கட்டியின் தரம் உண்மையைவிடக் குறைவாக வரும்.