வீடு கட்டும்போது தண்ணீரையும் பொருளையும் வீணாக்கும் தவறுகள்

மதுரையில் ஆனையூர், ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் புது வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. பல இடங்களில் வேலைக்கு லாரித் தண்ணீர்தான். காசு கொடுத்து வாங்கும் அந்தத் தண்ணீரை ஊற்றக் கூடாத இடத்தில் ஊற்றுகிறோம். நிற்க வேண்டிய இடத்தில் ஓடவிடுகிறோம்.

ஊற்றக் கூடாத இடம் கலவை. கான்கிரீட் கெட்டியாக இருந்தால் பரப்பக் கஷ்டம் என்று, "இன்னும் ரெண்டு வாளி ஊத்து" என்பார்கள். அதை அனுமதிக்கவே கூடாது. வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் எம்-20 தரக் கலவைக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு ஏறக்குறைய 25 லிட்டர் போதும். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். அதிகப்படியான தண்ணீர் பிறகு காய்ந்து போகும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுச் செல்லும். பலம் குறையும், தளம் ஒழுகும், கம்பி துருப்பிடிக்கும். மிக்சர் பக்கத்தில் ஒரு அளவு வாளி வைத்து, மேஸ்திரியிடம் முந்தின நாளே பேசிவிடுங்கள். போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் உப்பாக இருந்தால் பரிசோதிக்காமல் கலவையில் சேர்க்காதீர்கள். உப்பும் கம்பியைத் தின்றுவிடும்.

நிற்க வேண்டிய இடம் தூணும் தளமும். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை ஓஸைப் பிடித்துவிட்டு க்யூரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை ஈரம் காக்கும் வேலை, முடிந்தது என்கிறோம். மதுரை வெயிலுக்கு அது சீக்கிரமே காய்ந்துவிடும், அடித்த தண்ணீரில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான் போயிருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் ஓஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 900 லிட்டர்! தூணைச் சுற்றிச் சாக்குக் கட்டி நனைத்தால் கொஞ்சம் தண்ணீரே வெகுநேரம் ஈரம் காக்கும். தளத்தில் பாத்தி கட்டி ஒரு அங்குலம் நிறுத்துங்கள். அப்புறம் வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்றினால் போதும். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் இப்படி ஈரம் காக்க வேண்டும்.

பொருள் விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பூசி முடித்த சுவரைக் குழாய்க்கும் ஒயருக்கும் மறுபடி கொத்துவது. பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் பூச்சுக்கு முன்பே வரவழைத்து, சுவரில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். சிமென்ட்டை மொத்தமாக இறக்க வேண்டாம். மூன்று மாதம் கிடந்தாலே வலு குறையும், ஐப்பசி மழைக்காலத்தில் சீக்கிரமே கட்டிதட்டும். பலகை மேல் அடுக்குங்கள்.

இனி, இடிபாடு. ராத்திரியோடு ராத்திரியாக அதைக் கண்மாய்க் கரையில் கொட்டுவது பெரிய பாவம். அந்தக் கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் நம் போரிலும் ஊறும். உடைந்த செங்கல்லையும் கான்கிரீட் துண்டுகளையும் சின்னதாக உடைத்து, மண்ணோடு சேர்த்து பேஸ்மென்ட் நிரப்பலாம், நன்றாகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். மரத்துண்டு, காகிதப் பை மட்டும் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கரையான் வந்துவிடும்.