மூன்று பள்ளி, ஒரு விண்ணப்பம்

தங்கைக்கு எம்பிபிஎஸ் விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது நீட் மதிப்பெண்ணைவிடச் சான்றிதழ்தான் இழுத்தடித்தது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைக் காட்ட வேண்டும். அவள் படித்ததோ மூன்று பள்ளிகளில்.

நடுநிலைப் பள்ளியில் தந்த சான்றிதழில் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டு விடுபட்டிருந்தது, இனிஷியலும் மாறியிருந்தது. பேனாவால் திருத்தித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் சார் என்றேன். அடித்தல் திருத்தல் இருந்தால் சரிபார்ப்பில் நமக்குத்தான் தலைவலி. மாற்றுச் சான்றிதழ் நகலையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் முன்னால் வைத்து, சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக எழுதி வாங்கினேன். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே. ஆதாரையும் அதற்கேற்ப மாற்றினோம். சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் முன்பே வாங்கியிருந்ததால் அதில் சிக்கல் இல்லை.

அப்புறம், பொதுக் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியல். "பெரிய கல்லூரியை முதலில் போட்டால் கைக்கு வருவதும் போய்விடும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. தரவரிசைப்படி நம் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். அதனால் சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, மதுரை என்று அவள் ஆசைப்பட்ட வரிசையிலேயே போட்டோம். அத்தைக்கு இன்னும் அதில் நம்பிக்கை இல்லை.