ஜிம்ல உங்க பலம் ஏறுதா இல்லையான்னு எப்படி பாக்குறது

புதுசா வெயிட் தூக்க ஆரம்பிச்சவங்க எல்லாருக்கும் ரெண்டு மூணு மாசத்துல வர்ற சந்தேகம், "நான் தூக்குறது போதுமா, கம்மியா?" பக்கத்துல செட் அடிக்கிறவர பாத்து இதுக்கு பதில் தேடாதீங்க, அவரு எத்தன வருஷமா அடிக்கிறாரு, உடம்பு எடை என்ன, எதுவும் உங்களுக்கு தெரியாது. போன மாசம் நீங்க தூக்குனது, அதே மாதிரி தூக்கி இந்த மாசம் வந்தது, இந்த ரெண்டு நம்பர்தான் வேணும்.

அதுக்கு மொதல்ல ஒரு நோட்டு போடுங்க, போன்ல எழுதுனாலும் சரி. தேதி, எக்சர்சைஸ், வெயிட், ரெப் (நடுவுல ஓய்வெடுக்காம எத்தன தடவ தூக்குனீங்க, அந்த ஒரு சுத்துதான் செட்), அப்புறம் செட்ட முடிச்சப்போ இன்னும் எத்தன ரெப் மிச்சம் இருந்திருக்கும்னு ஒரு நம்பர். பாரோட, அதாவது பிளேட் மாட்டுற கம்பியோட எடையையும் சேத்து எழுதணும், ஒலிம்பிக் பார்னா ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ, ஆனா எல்லா ஜிம்லயும் அந்த பார்தான் இருக்கும்னு கிடையாது, ஒரு தடவ கேட்டுக்கோங்க. மெஷின் நம்பர இன்னொரு ஜிம் மெஷினோட ஒப்பிடவே கூடாது, புல்லி அமைப்பு மாறுனா அதே 40 வேற பாரமா இருக்கும்.

"அதே மாதிரி"ன்னு சொன்னேன்ல, அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. நான் ஸ்குவாட்ல (பார தோள்ல வெச்சு உக்காந்து எழுறது) ஒரே மாசத்துல 50 கிலோல இருந்து 70க்கு போயிட்டேன்னு நினைச்சுட்டு இருந்தேன், அப்புறம் செல்போன இடுப்பு உயரத்துல சைடுல வெச்சு வீடியோ எடுத்து பாத்தா, 50ல இடுப்பு மடிப்பு முட்டிக்கு கீழ போய்ட்டு வந்துச்சு, 70ல பாதி தூரம் கூட இறங்கல. 60க்கு இறக்குனதும் பழைய ஆழம் வந்துச்சு, அதனால நோட்டுல 60தான் எழுதுனேன், அந்த 10 கிலோவும் உண்மையான முன்னேற்றம்தான். பெஞ்ச்லயும் (படுத்துக்கிட்டு பார நெஞ்சுக்கு மேல தள்ளுறது) இதே கதைதான், பார் நெஞ்சுல அடிச்சு துள்ளி வந்தாலோ, பின்னாடி நிக்கிறவர் விரல் பார்ல பட்டாலோ அந்த ரெப்ப எண்ணாதீங்க.

வெயிட் ஏறலன்னாலும் பலம் ஏறியிருக்கலாம். வெயிட்ட ரெப்பால பெருக்கி, 30ஆல வகுத்து, வர்றத அந்த வெயிட்டோட கூட்டுங்க, ஒரே ஒரு ரெப்புக்கு தோராயமா எவ்ளோ தூக்குவீங்கன்னு வரும், எப்லி ஃபார்முலான்னு சொல்லுவாங்க. 40 கிலோல 5 ரெப்னா சுமார் 46.7, அதே 40ல 8 ரெப்னா சுமார் 50.7. பாருங்க, பிளேட் எதுவும் மாறல, ஆனா 4 கிலோ ஏறியிருக்கு. 10 ரெப்புக்கு மேல போனா இந்த கணக்க அவ்ளோ நம்ப முடியாது. இத தெரிஞ்சுக்கறதுக்காக ஆரம்பத்துலயே உண்மையா ஒரு ரெப் மேக்ஸ் போட்டு பாக்க தேவையே இல்ல.

ஆரம்பத்துல நம்பர் வேகமா ஏறும், கண்ணாடில ஒண்ணும் தெரியாது, ஏன்னா மொதல் சில வாரம் பெரும்பாலும் நரம்புதான் பழகுது, இருக்கிற தசைய நல்லா வேல வாங்க கத்துக்குது. அப்புறம் எல்லா லிஃப்ட்டும் ஒரே வேகத்துல ஏறாது. ரெண்டு பக்கமும் 1.25 பிளேட் போட்டா மொத்தம் 2.5 கிலோ, தரையில இருந்து தூக்குற 80 கிலோ டெட்லிஃப்ட்டுக்கு அது 3 சதவீதம்தான், தலைக்கு மேல தள்ளுற 25 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸுக்கு 10 சதவீதம். அதனால பிரஸ் சீக்கிரம் நின்னா மனச விட்றாதீங்க, அரை கிலோ பிளேட் கிடைச்சா அத போட்டு ஏத்துங்க, இல்லன்னா அதே வெயிட்ல ரெப் ஏத்துங்க.

நீங்க உடம்ப குறைச்சுட்டு இருக்கீங்க, ஸ்குவாட் நம்பர் அப்படியே நிக்குதுன்னா அதுவும் நல்ல சேதிதான், உங்க எடைக்கு கணக்கு போட்டா பலம் கூடியிருக்கு.

சரியா தூங்காம போன ஒரு நாள வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. ஒரே வெயிட் தொடர்ந்து மூணு தடவ வரலன்னா 10 சதவீதம் இறக்கி திரும்ப ஏறி வாங்க. நாலு வாரத்துக்கு ஒரு தடவ நோட்டையும் வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, பழைய வெயிட்ல அஞ்சாவது ரெப் அன்னிக்கு எவ்ளோ திணறுச்சு, இன்னிக்கு எவ்ளோ லேசா மேல போகுதுன்னு அதுலயே தெரியும்.