டாண்டி பிளொப்பி டிரைவின் சீரியல் தரவைப் பதிய

டாண்டி போர்ட்டபிள் டிஸ்க் டிரைவ் வினாடிக்கு 19200 பிட் வேகத்தில், 8 பிட், பரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லாமல், 1 ஸ்டொப் பிட்டில் பேசும். டாண்டியின் பழைய கையடக்கக் கணினியான மொடல் 100 பக்கத்து 25 பின் இணைப்பில், இரு திசைப் பேச்சையும் பதிய இரண்டு ஆர்எஸ்-232 (சீரியல் இணைப்பு) யூஎஸ்பி அடாப்டர் வையுங்கள். ஒன்றின் ரிசீவ் 2ஆம் பின்னுக்கு, மற்றதினது 3க்கு, இரண்டின் கிரவுண்டும் 7க்கு. அடாப்டர்களின் ட்ரான்ஸ்மிட் கம்பியைத் தொடுக்கவே கூடாது. 5 வோல்ட் ரீரீஎல் (சிப் மட்டத்துச் சிக்னல்) அடாப்டர் போட்டால் அது கருகிவிடலாம்.

பதிவை பைனரியாகவே சேமியுங்கள். கணினி அனுப்பும் கட்டளை ஹெக்ஸில் (16 அடி எண்ணில்) 5ஏ 5ஏ என்று தொடங்கினால் வேகம் சரி.

அதற்கு முதல் டிரைவைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். பழைய ரப்பர் பிசினாய் உருகியிருக்கும். வன்னி மாரியில் கிடந்த பிளொப்பியின் தகட்டை விலக்கி, பூஞ்சணம் தெரிந்தால் துடைக்காமல் போடவேண்டாம், ஹெட் அழுக்காகி அடுத்த பிளொப்பியும் கீறுப்படும்.