வேலூர் வெயிலில் டிராகன் பழம்: வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராகன் பழச்செடி கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கேட்டவுடன், வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியைப் போல எந்த வெயிலையும் தாங்கிக்கொள்ளும் என்று எண்ணிவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறி, இலைகளினூடே விழும் வெளிச்சத்தில் வளர்ந்த கொடிக்கள்ளி இது. பாலைவனச் செடி அன்று.

கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூரில், மொட்டை மாடியில் நிழலின்றி வைத்த செடியின் தண்டு, வெயில் படும் பக்கம் மட்டும் முதலில் மஞ்சளாகி, பின்பு வெளிறி, விரலால் தொட்டால் அமுங்கும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். இதைச் சத்துக் குறைவு என்று கருதி யூரியா போடுவோர் பலர். மறுபக்கம் பச்சையாகவே இருக்குமானால் அது வெயில் சுட்ட காயம். அதற்கு வேண்டியது உரமன்று, நிழல். மார்ச் இறுதியில் நிழல்வலையைக் கட்டி, வெயில் தணிந்ததும் எடுத்துவிட வேண்டும். ஆண்டு முழுவதும் வலைக்குள்ளேயே வைத்திருந்தால் பூப்பது குறையும்.

வெயிலுக்குப் பயந்து காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது இதைவிடப் பெரிய தவறு. இதன் வேர்கள் ஆழமாக இறங்காமல் மேல்மண்ணிலேயே படர்வதால், ஈரம் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அடியில் மண் அணைத்து, நீர் வடிய வழி செய்ய வேண்டும். செம்மண்ணும் தொழு உரமும் மணலும் கலந்த கலவை ஏற்றது. ஆனால் பாலாற்று மணல் இப்போது எளிதில் கிடைப்பதில்லை என்பதால் எம்-சாண்ட் சேர்ப்பவர்கள், மண்ணை இறுகச் செய்யும் அதன் தூளை நன்றாகக் கழுவிய பிறகே சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் தொட்டி மண்ணின் மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால், சேமித்த மழைநீரை அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி அதைக் கழுவிவிடலாம்.

நடுவதற்காக வெட்டிய தண்டுத் துண்டான போத்தை அன்றே நடக்கூடாது. வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் வைத்து, அடி நுனி மாறாமல் நட வேண்டும்.

தாங்குவதற்கு மூங்கில் குச்சி போதும் என்பது முதல் ஆண்டில் மட்டுமே உண்மை. கிளைகள் பெருகினால் எடை ஏறும். நம் பக்கத்தில் வேலிக்கு நடும் கல்தூணே இதற்குச் சிறந்தது. தூணின் உச்சியைத் தொடும்வரை பக்கக் கிளைகளை வெட்டிவிட்டு, உச்சியில் பழைய டயரைப் பொருத்திக் கிளைகளைச் சுற்றிலும் தொங்கவிட வேண்டும். பாதி உயரத்திலேயே கிளைக்க விட்டவர்களின் செடி, புதராகுமே தவிர மேலே ஏறாது.

செடி பூத்தும் காய்க்கவில்லை என்ற குறை பெரும்பாலும் சிவப்புச் சதை வகைகளில் எழுகிறது. அவற்றில் பல, தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒரே தாய்ச்செடியின் போத்துகளை எத்தனை நட்டாலும் பயனில்லை. பக்கத்தில் வேறொரு வகை இருக்க வேண்டும். பூ இரவில் விரிந்து மறுநாள் காலையில் வாடிவிடுவதால், இரவிலேயே தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு மற்ற வகைப் பூவின் நடுவே நீண்டிருக்கும் சூல்முடியில் தடவுவது நல்லது.

பூத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் பழம் முதிரும். பறித்த பின் இது மேலும் இனிப்பேறாது. ஆகவே தோல் சிவக்கத் தொடங்கிய அன்றே பறிக்காமல் இன்னும் சில நாள் விட்டு, அணிலும் பறவையும் தொடாதபடி வலைப்பையால் மூடி வைக்கலாம்.