கொழும்பில் ஒரு நிஞ்சா படம் எடுப்பது எப்படி? முதலில் வாளைக் கீழே வையுங்கள்

நிஞ்சா குறும்படம் எடுக்கக் கிளம்புகிற பொடியன்கள் முதலில் தேடுவது வாளைத்தான். அப்புறம் கறுப்பு உடுப்பு, அப்புறம் கூட்டத்தில் யாருக்குக் கராத்தே தெரியும் என்ற விசாரணை. உங்கள் ஆள் எங்கே ஒளியப் போகிறான், யாருடைய கண்ணுக்குத் தப்பப் போகிறான் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. என் கட்சி இதுதான்: நிஞ்சா படத்தின் சுவாரசியம் சண்டையில் பாதிகூட இல்லை, உள்ளே நுழைவதில்தான் இருக்கிறது. சண்டை எல்லா ஆக்‌ஷன் படத்திலும் உண்டு. ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான், காவல்காரனுக்கு அது தெரியாது, பார்க்கிற நமக்கு மட்டும் தெரியும் என்ற அந்தப் பதற்றம் இந்த வகைப் படத்துக்கே உரியது. அதை விட்டுவிட்டு வாளை வீசினால் மிஞ்சுவது முகமூடி போட்ட அடிதடி.

ஜப்பானில் நிஜமாக வாழ்ந்த ஷினோபிகளின், அதாவது நிஞ்சாக்களின், வேலையும் இதுதான். இகா, கோகா என்ற மலைப்பகுதிகள் அவர்களுக்குப் பேர்போனவை. உளவு பார்ப்பது, கோட்டைக்குள் புகுவது, தீ வைத்துக் குழப்பம் உண்டாக்குவது, எல்லாவற்றுக்கும் மேலாகச் செய்தியோடு உயிருடன் திரும்பி வருவது. 1581இல் போர்ப் பிரபு ஓடா நொபுனாகாவின் படை இகாவைத் துவம்சம் செய்தபோது அங்கிருந்தவர்கள் பல பக்கமும் சிதறினார்கள். துறவி, வியாபாரி, விவசாயி என்று ஊரோடு கலந்துவிடுகிற வேடம்தான் அவர்களுக்கு உதவியது. தலை முதல் கால் வரை கறுப்பு என்பது மேடையிலிருந்து வந்தது என்பார்கள். கபுகி நாடகத்தில் பொருட்களை நகர்த்தும் உதவியாளர்கள் முழுக் கறுப்பில் மேடைக்கு வருவார்கள், அவர்களை இல்லாதவர்களாக எடுத்துக்கொள்வது பார்வையாளர்களின் பழக்கம். அப்படி ஒருவர் திடீரென்று கத்தியை உருவினால் அரங்கம் எப்படி அதிரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை அப்படியே கொழும்புக்குக் கொண்டு வாருங்கள். படத்தின் முதல் பாதியில் உங்கள் நாயகனுக்குக் கறுப்பு உடுப்பே வேண்டாம். புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில் வண்டி இழுக்கிற நாட்டாமியின் முகத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறவர், லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவர், கல்யாண வீட்டில் கதிரை அடுக்குகிறவர், இவர்களில் ஒருவராக அவனை இரண்டு மூன்று காட்சிகளில் பின்னணியில் மட்டும் காட்டுங்கள், குளோசப் வேண்டாம். பிறகு இரவில் முகமூடியை இழுத்துவிடும்போது, அட, இவன் முதலிலிருந்தே இங்கேதானே இருந்தான் என்று பார்க்கிறவருக்கு உறைக்க வேண்டும்.

அடுத்தது இடம். நாலு பேர் சேர்ந்து எடுக்கிற படத்துக்கு வெள்ளவத்தை ஃப்ளாட் ஒன்றின் மொட்டை மாடியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர்த் தாங்கி இருக்கிறது, படிக்கட்டுக் கதவு இருக்கிறது, கொடியில் சேலையும் சாரமும் காய்கின்றன, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் கடல். ஆனால் எது எங்கே இருக்கிறது என்பதை, ஒருவரும் நகர்வதற்கு முன்பே, அகலமான ஒரே ஷாட்டில் நிதானமாகக் காட்டிவிட வேண்டும். மாடியில் காவல் இருக்கும் வாட்சரின் கதிரைக்கும் தாங்கிக்கும் எத்தனை அடி, கதவு எந்தப் பக்கம் திறக்கும், நடுவில் என்ன கிடக்கிறது, இதெல்லாம் தெரிந்தால்தான் பார்க்கிறவருக்குப் பயம் வரும். இடம் புரியாத பயம் வெறும் குழப்பம்தான்.

நடுவில் கிடக்கும் அந்தப் பொருள் சத்தம் போடுவதாக இருக்கட்டும். கியோட்டோவின் நிஜோ கோட்டையில் காலை வைத்தாலே குருவிபோலக் கீச்சிடும் மரத்தளம் உண்டு, பார்க்கப் போகிறவர்கள் இன்றும் அதன்மேல் நடக்கலாம். நமக்கு அவ்வளவு வேண்டாம், கழற்றிப்போட்ட ஒரு தகரம் போதும். கீழே ஒழுங்கையில் ஒரு நாய் படுத்திருந்தால் இன்னும் நல்லது. இப்போது அவன் தகரத்தைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். எப்படிப் போவான்?

இங்கேதான் ஊரைப் பயன்படுத்துங்கள். கரையோர ரயில் பாதை மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் ஓடுகிறது. ரயில் கடக்கிற அந்தச் சில விநாடிகள் வேறெதுவும் காதில் விழாது. உங்கள் நிஞ்சா அதற்காகக் காத்திருக்கிறான். தூரத்தில் ஹோர்ன் கேட்கிறது, அவன் விரல்கள் மட்டும் அசைகின்றன. ரயில் வந்ததும் தகரத்தின்மேல் மூன்று எட்டு, நாலாவது எட்டுக்குக் காலைத் தூக்கும்போது கடைசிப் பெட்டி போய்விடுகிறது. அமைதி. ஒற்றைக் காலில் நிற்கிறான். வாட்சர் காதைத் தீட்டுகிறார். இந்த இடத்தில் வெட்டாமல், இசை போடாமல், எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம் நிறுத்துங்கள். (ரயில் சத்தத்தை மாடியிலிருந்தே பதிவு செய்யலாம். தண்டவாளத்துப் பக்கம் யாரையும் அனுப்பாதீர்கள்.)

வாட்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காவல்காரன் முட்டாளாக இருந்தால் நிஞ்சாவுக்குப் பெருமை இல்லை. நிறையப் படங்கள் சறுக்குவது இங்கேதான்: அடியாள் பல்லைக் குத்திக்கொண்டு அடுத்த பக்கம் பார்ப்பான், பின்னாலிருந்து கழுத்தில் ஒரு வெட்டு, முடிந்தது. உங்கள் வாட்சர் கெட்டிக்காரராக இருக்கட்டும். ஏதோ சரியில்லை என்று உணர்ந்ததும் ரேடியோவை நிறுத்துகிறார். எழும்பவில்லை, கத்தவில்லை. பிளேன்டீயை நிதானமாக இன்னும் ஒரு மிடறு குடிக்கிறார். பிறகு கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய், கோப்பையில் மிச்சமிருந்த சூடான டீயை வெளியே ஊற்றுகிறார். அதற்குள் சுவரின் மறுபக்கத்துக்குப் போய் விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும் நிஞ்சாவின் கையில் அது விழுகிறது. அவன் கண்ணை மூடித் திறக்கிறான், சத்தமில்லை. பார்க்கிறவர் தன் கையை உதறுவார், நிச்சயம். இதை எடுக்க யாரும் மாடியில் தொங்கக் கூடாது. தரை மட்டத்தில் ஏதாவது குட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடித்தால் போதும், கேமரா விரலையும் கண்ணையும் மட்டும் பார்க்கட்டும். டீ ஆறியதாக இருக்கட்டும்.

இன்னொன்று, நிஞ்சா, வாட்சர் இருவரையும் ஒரே ஃபிரேமில் ஒரு தடவையாவது காட்டியே ஆக வேண்டும். 1980களில் ஹொங்கொங் இயக்குநர் கோட்ஃப்ரே ஹோ வேறு படங்களின் காட்சிகளை எடுத்து, நடுநடுவே புதிதாக எடுத்த நிஞ்சா காட்சிகளை ஒட்டிப் படம் படமாக வெளியிட்டார். நிஞ்சா ஒரு பக்கம் முறைப்பார், வேறு படத்து ஆள் மறுபக்கம் பதில் சொல்வார், இருவரும் சேர்ந்து நிற்கும் ஷாட் வராது. அதைப் பார்க்கும்போது ஆபத்து உறைக்காததன் காரணம் அதுதான். முன்னால் வாட்சர், பின்னால் மங்கலாக ஒரு உருவம், இரண்டும் ஒரே ஃபிரேமில்: அந்த ஒரு ஷாட் பத்து வெட்டுக்குச் சமம்.

நிஞ்சாவால் என்ன முடியும், என்ன முடியாது என்பதையும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். மாயமாக மறைவான் என்றால் சரி, மறையட்டும், ஆனால் ஆரம்பத்திலேயே காட்டுங்கள். கடைசியில் மாட்டிக்கொண்டதும் புதிதாக ஒரு சக்தி முளைத்தால் அதுவரை பார்த்தவர் ஏமாந்துபோவார். கருவிகளும் அப்படித்தான். ஒரே ஒரு கயிறு போதும்: முதலில் ஏறுவதற்கு, பிறகு கதவைக் கட்டுவதற்கு, கடைசியில் சண்டையில்.

முகமூடி உங்களுக்குப் பெரிய உதவி. 1981இல் வந்த ‘என்டர் த நிஞ்சா’ மணிலாவில் எடுக்கப்பட்டது, நாயகன் இத்தாலிய நடிகர் ஃபிராங்கோ நீரோ. முகமூடிக்குள் அவருக்காகச் சண்டை போட்டவர் கராத்தே வீரர் மைக் ஸ்டோன், படத்தின் கதையும் அவருடையதே. அந்தப் படத்தில் வில்லனாக வந்த ஷோ கொசுகி இரண்டே வருடத்தில் அடுத்த நிஞ்சா படத்தின் நாயகனாகிவிட்டார், ஏனென்றால் உண்மையாகவே உடம்பு பேசுகிற ஆள் யாரென்று மக்களுக்குப் புரிந்துவிட்டது. ஆகவே நன்றாக நடிக்கிறவர் ஒருவர், நன்றாகச் சிலம்பமோ கராத்தேயோ தெரிந்தவர் ஒருவர், உயரம் ஒத்துப்போனால் ஒரே பாத்திரத்துக்கு இரண்டு பேரையும் போடலாம். ஆனால் முகம் மறைந்தால் உணர்ச்சியும் மறையும். கண், மூச்சு, கை, இந்த மூன்றையும் அடிக்கடி கிட்டத்தில் காட்டுங்கள்.

உடுப்புக்கு மெயின் வீதியில் துணி எடுக்கும்போது தனிக் கறுப்பு வேண்டாம். இரவில் போன் கேமராவுக்குக் கறுப்பும் இருட்டும் ஒன்றுதான். கடும் நீலம் அல்லது கரிச் சாம்பல் எடுங்கள், பருத்தியாகப் பாருங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் பொலியெஸ்டருக்குள் ஒருவர் ஒரு மணி நேரம் தாங்க மாட்டார். வெளிச்சத்துக்கு அந்தி நல்லது. ஆனால் இங்கே சூரியன் ஆறு மணியை ஒட்டி, அதிகம் போனால் ஆறரைக்குள் மறைந்துவிடும், அதற்குப் பிறகு வானத்தில் நீலம் நிற்பது ஏறக்குறைய இருபது நிமிடம்தான். நாலு மணிக்கே ஒத்திகை முடித்துவிட்டு, மாடி முழுவதும் தெரிகிற ஷாட்டுகளை மட்டும் அந்த இருபது நிமிடத்தில் எடுங்கள். கிட்டத்து ஷாட்டுகளைப் பிறகு படிக்கட்டு விளக்கில் எடுக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் டியூப் லைட் மினுங்காது. இல்லாவிட்டால் எடிட்டிங்கில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

ஆயுதம் எல்லாம் ரெஜிபோம், அட்டை, மரம். நிஜக் கத்தி வேண்டவே வேண்டாம். முகமூடியும் வாளுமாக ஒழுங்கைக்குள் இறங்காதீர்கள், இந்த ஊரில் அதைக் கண்டு மனிதர் பயப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. ஃப்ளாட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தெருவில் எடுப்பதானால் பொலிஸிடம் அனுமதி கேட்டுவிட்டே எடுங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, அதைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

ஷுரிகன், அதாவது நிஞ்சா எறிகிற நட்சத்திரத் தகடு, கதவில் குத்துவதற்குப் பழைய வித்தை ஒன்று. அட்டை நட்சத்திரத்தைக் கதவில் லேசாகச் செருகி, மெல்லிய நூல் கட்டி வெடுக்கென்று இழுங்கள், எடிட்டிங்கில் அதைத் தலைகீழாக ஓடவிடுங்கள். புகைக்குப் பட்டாசு வேண்டாம், சுவருக்குப் பின்னால் சாம்பிராணிச் சட்டி ஒன்று வைத்தாலே புகை அழகாக எழும்பும். கோதுமை மாவைத் தூவுகிற யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள், காற்றில் பறக்கிற மாவு நெருப்புப் பட்டால் குபீரென்று பற்றும். அடிச் சத்தத்துக்கு ஒரு முழுக் கோவாவைக் கத்தியால் குத்திப் பதிவு செய்யுங்கள், வாள் வீச்சுக்கு மைக்குக்குப் பக்கத்தில் மூங்கில் கம்பைச் சுழற்றுங்கள். இந்தச் சத்தங்கள்தான் அட்டை வாளை இரும்பாக்கும்.

சண்டைக்கு வருவோம். கொடியில் காய்கிற சேலைகளுக்கு நடுவில் வையுங்கள். பின்னால் ஒரு விளக்கு இருந்தால் துணியில் நிழல் விழும், எது யாருடைய நிழல் என்று தெரியாத அந்த நொடியில் ஒளிவதும் அடிப்பதும் ஒன்றாகிவிடும். கேமராவை ஆட்டாதீர்கள். தலை முதல் கால் வரை தெரிகிற தூரத்தில் நின்று, அடி விழுந்த ஆளின் முகம் திரும்புகிறவரை காத்திருந்து வெட்டுங்கள். கைக்கும் தாடைக்கும் ஒரு அடி இடைவெளி விட்டுக் கேமராவைக் கொஞ்சம் சாய்வாக வைத்தால் அது தெரியவே தெரியாது. எதிரிகள் மூன்று பேர் போதும். இருபது பேர் வரிசையாக வந்து விழுந்தால் யாரையும் பார்த்துப் பயம் வராது. அந்த மூவரில் கடைசியாக நிற்பது அந்த வாட்சராக இருந்தால் எவ்வளவு நல்லது, அவரை நமக்கு ஏற்கெனவே தெரியும். நாயகன் களைக்கட்டும், டீ பட்ட அந்தக் கை சரியான நேரத்தில் வழுக்கட்டும். முழுச் சண்டையும் ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

எல்லாம் வெட்டி ஒட்டிய பிறகு, படப்பிடிப்புப் பக்கமே வராத ஒருவரிடம், அக்காவோ பக்கத்து வீட்டு மாமாவோ, படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் ஒரு கடதாசியைக் கொடுத்து மாடியை வரையச் சொல்லுங்கள்: தகரம் எங்கே, தாங்கி எங்கே, கதவு எங்கே, அவன் எந்தப் பக்கத்தால் வந்தான். வரைய முடியாமல் தடுமாறினால் சண்டையைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், மறுநாள் அந்தியில் மேலே போய் அந்த முதல் அகலமான ஷாட்டைத் திரும்ப எடுங்கள்.